கறை எங்கே போகிறது? நீலகிரி வீடுகளில் வார்னிஷும் நகப்பூச்சும்

நீலகிரியில் துணியிலோ மேஜையிலோ எது ஒட்டிக்கொண்டாலும் கை முதலில் போவது தைலப் பாட்டிலுக்குத்தான். சளிக்கும் அதுவே, மூட்டுவலிக்கும் அதுவே, பாவாடையில் ஒட்டிய சூயிங்கத்துக்கும் அதுவே. நகப்பூச்சு கொட்டினாலும் வார்னிஷ் தெறித்தாலும் “கொஞ்சம் தைலம் விட்டுத் தேய்த்துப் பாரேன்” என்று வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள். சமவெளியில் இந்த இடத்தில் மண்ணெண்ணெய் இருக்கும். நகரத்து அடுக்குமாடியில் ரிமூவர் பாட்டிலோ சானிடைசரோ இருக்கும். எது எதைக் கரைக்கும், எது எதைக் கெடுக்கும் என்பது சில்லறைக் கேள்வியாகத் தோன்றலாம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வீடுகளில் அதற்கு விடை அவ்வளவு எளிதல்ல. நூறாண்டு கண்ட மரச்சாமான்கள், சாத்திய சன்னல், எரியும் கணப்பு, உள்ளே புகும் மூடுபனி, அலமாரி நிறையக் கம்பளி எனக் கரைப்பானின் வேலையில் குறுக்கிடும் அத்தனையும் இங்கே ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. நகப்பூச்சின் மூலப்பொருளோடு இந்த மலைக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலான தொழில் உறவு வேறு உண்டு.

தைலத்திலிருந்தே தொடங்கலாம். கற்பூர மரம் என்று மலைக்காரர்கள் சொல்லும் யூகலிப்டஸை 1843 வாக்கில் கேப்டன் காட்டன் என்ற இராணுவ அதிகாரி இங்கே நட்டுப் பார்த்தார். குளிருக்கு விறகு போதாமல் சோலைக்காடுகள் வெட்டப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. 1856 முதல் அது தோட்டமாகவே வளர்க்கப்பட்டது. தைலம் பிறகு வந்த வரவு: உதிர்ந்த இலையையும் கழித்த கிளையையும் பெரிய கலனில் திணித்து, அடியில் தீ மூட்டி, எழும் ஆவியைத் தண்ணீருக்குள் ஓடும் குழாயில் குளிரவைத்து, மேலே மிதக்கும் எண்ணெயை வடித்தெடுக்கும் குடிசைத் தொழில். இங்கே பரவிய நீலப்பசை யூகலிப்டஸின் எண்ணெயில் பெரும்பங்கு சினியோல் என்ற பொருள். வேதியியலில் அது ஒரு ஈதர். 176 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். பல் மருத்துவர்கள் வேர்ச் சிகிச்சையில் அடைத்த கட்டாபெர்ச்சாப் பிசினை மீண்டும் இளக்குவதற்கு இதே சினியோலையும் நெடுங்காலம் பயன்படுத்தினார்கள். ஆக, தைலத்தைக் கரைப்பான் என்று சொல்வது வெறும் பாட்டி வைத்தியம் அல்ல.

ஆனால் எதற்குக் கரைப்பான்? ஸ்டிக்கர் பசை, தார், மெழுகு, கிரீஸ், சூயிங்கம், இன்னும் உலராத எண்ணெய் வார்னிஷ் ஆகியவற்றுக்குத் தைலம் அருமையான மருந்து. காய்ந்த நகப்பூச்சிடம் அது தோற்றுப்போகும். கொஞ்சம் மிருதுவாக்கும், பளபளப்பைக் கெடுக்கும், அதோடு சரி. சீக்கிரம் ஆவியாகாது என்பதால் துணியில் எண்ணெய் வளையமாக நிற்கும். சோப்புப் போட்டுத் துவைத்தாக வேண்டும். சாலையோரத்தில் வாங்கிய பாட்டிலில் வேறு எண்ணெய் கலந்திருந்தால் அதுவே புதுக் கறை. பாலீஷ் போட்ட மேஜையில் தைலப் பாட்டிலை இரவு முழுக்க வைத்தால் அதன் அடிவட்டம் மேஜையில் பதிந்துவிடுவதும், மலிவான பிளாஸ்டிக் டப்பா அதில் இளகிப் பிசுபிசுப்பதும் இதே கரைக்கும் குணத்தால்தான்.

எந்தப் பாட்டிலை எடுப்பது என்று யோசிப்பதற்கு முன் பார்க்க வேண்டியது, கறை எப்படிக் காய்ந்தது என்பது. சில பூச்சுகள் அவற்றிலிருந்த கரைப்பான் பறந்துபோனதால் மட்டுமே கெட்டியாகின்றன. அதே கரைப்பானைத் திரும்பக் கொடுத்தால் மறுபடியும் இளகிவிடும். நகப்பூச்சு, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலீஷ், கடையில் என்.சி. லாக்கர் என்று கேட்டு வாங்குவது மூன்றும் இந்தச் சாதி. மற்றவை காற்றோடோ, கலவையில் சேர்த்த இன்னொரு பொருளோடோ, ஒளியாலோ வேதிமாற்றம் அடைந்து மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகுகின்றன. ஆளிவிதை எண்ணெயில் செய்த பழைய வார்னிஷ், இன்றைய பாலியூரித்தேன், மெலமைன், ஜெல் நகப்பூச்சு ஆகியவை இந்த வகை. இறுகியதைக் கரைக்க வீட்டில் எந்தத் திரவமும் கிடையாது; ஊதவைத்துச் சுரண்டலாம், அவ்வளவே. வீட்டுக்குறிப்புகளில் பாதி ஏன் ஒருவருக்குப் பலித்து இன்னொருவருக்குப் பலிப்பதில்லை என்பதற்குக் காரணம் இந்தப் பிரிவுதான். இருவரும் ‘வார்னிஷ்’ என்றே சொல்லியிருப்பார்கள், ஒருவருடையது அரக்கு, மற்றவருடையது பாலியூரித்தேன்.

சாதாரண நகப்பூச்சின் படலம் நைட்ரோசெல்லுலோஸ். பஞ்சையோ மரக்கூழையோ நைட்ரிக், சல்பியூரிக் அமிலக் கலவையில் ஊறவைத்தால் கிடைப்பது. நைட்ரஜன் அளவு சற்றுக் குறைவாக, 11 முதல் 12 விழுக்காடு அளவில் நின்றால் அது பூச்சுக்கு ஆகும். அதற்கு மேல் ஏறினால் வெடிபஞ்சு. குன்னூருக்கும் வெலிங்டனுக்கும் பக்கத்தில், மலை ரயில் நின்று போகும் அருவங்காட்டில் 1903-04 வாக்கில் எழுந்த கார்டைட் தொழிற்சாலை அந்த மேல் வகையை நம்பி நடந்தது. 1889-இல் இங்கிலாந்தில் ஏபெல், டூவர் என்ற இரு வேதியியலாளர்கள் உருவாக்கிய கார்டைட்டின் முதல் செய்முறை இது: 58 பங்கு நைட்ரோகிளிசரின், 37 பங்கு வெடிபஞ்சு, 5 பங்கு வாசலின். இம்மூன்றையும் ஒரே மாவாகப் பிசைய வைத்த திரவம் அசிட்டோன். பிசைந்ததைக் கயிறு கயிறாகப் பிழிந்து, அசிட்டோனைப் பறக்கவிட்டுக் காயவைப்பார்கள். முதல் உலகப்போரில் பிரிட்டனுக்கு அசிட்டோன் தட்டுப்பாடு வந்தபோது, பின்னாளில் இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவரான சாயிம் வைஸ்மன் மாவுப்பொருளைப் பாக்டீரியாவால் நொதிக்கவைத்து அதைப் பெறும் வழியைக் கொடுத்தார். 1917-இல் அங்கே பள்ளிப்பிள்ளைகளை விட்டுக் குதிரைக்கொட்டை பொறுக்கவைத்ததும் இந்த அசிட்டோனுக்காகத்தான்.

போர் முடிந்ததும் நைட்ரோசெல்லுலோஸ் ஆலைகளுக்கு வேறு வேலை தேவைப்பட்டது. 1920-களின் முற்பாதியில் டூபான்ட் நிறுவனம் டூகோ என்ற கார் பெயின்டைக் கொண்டுவந்தது. அதுவரை நாள்கணக்கில் காய்ந்துகொண்டிருந்த கார் பூச்சு மணிக்கணக்கில் காய்ந்தது. நம்மூர்ப் பட்டறைகளில் இன்றும் “டூகோ அடிப்பது” என்று சொல்கிறார்கள். நகத்துக்கு அடிக்கும் பளபளப்பான நிறப்பூச்சு இந்தக் கார் பூச்சின் வழிவந்தது. இந்தியாவில் அதைப் பரவலாக்கிய லாக்மே 1952-இல் தொடங்கியது. இலங்கைத் தோட்டங்களிலிருந்து சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் வந்து குடியேறிய குடும்பங்களில் வயதானவர்கள் அதைக் கியூடெக்ஸ் என்றே கேட்பார்கள். பெயர் எதுவானாலும் குப்பிக்குள் இருப்பது நைட்ரோசெல்லுலோஸ், ஒரு பிசின், வளைந்துகொடுப்பதற்கான சேர்மானம், நிறம், இவற்றையெல்லாம் திரவமாக வைத்திருக்கும் எத்தில் அசிடேட், பியூட்டில் அசிடேட். அருவங்காட்டில் எதை அசிட்டோன் பிசைந்ததோ அதன் சாதுவான தம்பியை உங்கள் நகத்திலிருந்தும் அசிட்டோனே துடைக்கிறது. ‘அசிட்டோன் இல்லாதது’ என்று அச்சிட்ட ரிமூவரில் பெரும்பாலும் எத்தில் அசிடேட் இருக்கும். வேகம் குறைவு, நகம் வறள்வதும் குறைவு. தீப்பிடிப்பதில் மட்டும் பெரிய வேறுபாடு இல்லை.

இந்த வரலாற்றை நீட்டியதற்குக் காரணம் உண்டு. மரச்சாமான்மீது நகப்பூச்சு சிந்தினால் வரும் சங்கடம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. மேஜைக்கு அடித்தது என்.சி. லாக்கர் என்றால் மேஜையின் பூச்சும் நகப்பூச்சும் ஒரே பொருள். நகப்பூச்சை மட்டும் கரைத்து மேஜையை விட்டுவைக்கும் கரைப்பான் உலகத்தில் கிடையாது. ரிமூவரில் நனைத்த பஞ்சை வைத்த மறுகணம் பூச்சு இளகி, பஞ்சின் நூல் அதில் ஒட்டி, துடைத்தால் மரம் வரை பள்ளம் விழும். அங்கே செய்ய வேண்டியது நேரெதிர்: ஈரமாக இருக்கும்போது தொடவே கூடாது. முழுதாகக் காயவிட்டு, பழைய ஏ.டி.எம். கார்டு போன்ற பிளாஸ்டிக் விளிம்பால் மெல்ல நெம்பி எடுக்க வேண்டும். மிச்சமிருக்கும் சாயலை மெழுகுப் பாலீஷோடு மிக மெல்லிய ஸ்டீல் கம்பளியால் மரத்தின் ரேகை ஓடும் திசையில் வருடினால் போதும். சொட்டு விழுந்தவுடன் அள்ளித் துடைப்பதுதான் எல்லாருக்கும் தோன்றும். லாக்கர் மேஜையில் அதுதான் கெடுதல்.

எந்தப் பூச்சு என்று எப்படித் தெரியும்? பாலீஷ் போடும் ஆசாரிகள் செய்யும் சோதனை எளிது. மேஜையின் அடிப்பக்கம், டிராயரின் பின்பக்கம் போன்ற மறைவிடத்தில் முதலில் ஒரு துளி ஸ்பிரிட். அரைநிமிடத்தில் பிசுபிசுத்தால் அது அரக்கு. அசையாவிட்டால் இன்னொரு இடத்தில் ஒரு துளி தின்னர். அதில் இளகினால் லாக்கர். சுருங்கி மேலெழும்பினால் எண்ணெய் வார்னிஷாக இருக்கலாம். எதற்கும் அசையாவிட்டால் பாலியூரித்தேனோ மெலமைனோ. கடைசி வகைக்காரர்கள் பாக்கியவான்கள்: நகப்பூச்சு விழுந்தால் ரிமூவரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரே வீச்சில் துடைத்து, உடனே ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

மலையின் பழைய பங்களாக்களில் இந்தச் சோதனை இன்னும் அவசியம். உதகை செயின்ட் ஸ்டீபன் தேவாலயம் 1830-இல் கட்டப்பட்டபோது அதன் தேக்கு உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து மலையேறி வந்தன. அந்த அளவுக்குப் புகழ் இல்லாவிட்டாலும் குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட் வீடுகளில் ஈட்டி, தேக்குச் சாமான்கள் பல தலைமுறை கண்டவை. முதலில் அரக்குப் பாலீஷ், அதன்மேல் மெழுகு, பிறகு ஒரு மேனேஜர் காலத்தில் லாக்கர், இப்போது ஹோம்ஸ்டேக்காக டச்வுட் என அடுக்கடுக்காக இருக்கும். ‘பழைய சாமான், அதனால் அரக்குதான்’ என்ற ஊகம் அதனால்தான் ஆபத்தானது. கறை படுவது மேலடுக்கில். கரைப்பான் இறங்குவது எந்த அடுக்கு வரை என்பதை யாரும் மேலிருந்து சொல்ல முடியாது. வார்னிஷ் நீக்க காஸ்டிக் சோடா கரைசலை ஊற்றும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அது எண்ணெய் வார்னிஷைச் சோப்பாக்கிக் கழற்றிவிடும், உண்மைதான். கூடவே தேக்கையும் கருக்கவைத்துவிடும். நல்ல மரத்துக்கு அதைச் சிபாரிசு செய்பவரிடம் மரத்தைக் கொடுக்காமல் இருப்பதே மேல்.

சிவப்புக் காவி சிமென்ட் தரையில் சிந்திய நகப்பூச்சுக்கு அசிட்டோன் தாராளமாகப் போடலாம். தரைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஆண்டுக்கணக்கில் ஏற்றிய மேன்ஷன் பாலீஷ் மெழுகும் கூடவே போய், அந்த இடம் மட்டும் வெளிறித் தெரியும். மறுபடி பாலீஷ் தேய்த்தால் தீர்ந்தது.

துணிக்கு வருவோம். இங்கேதான் பெரும்பாலானவர்கள் கரைப்பானின் வேலையையே தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அசிட்டோன் கறையை அழிப்பதில்லை. ப்ளீச்சிங் பவுடர் சாயத்தைச் சிதைப்பதுபோல இது எதையும் சிதைப்பதில்லை. கெட்டியாக இருந்ததைத் திரவமாக்கி நகரவிடுகிறது, அவ்வளவுதான். நகர்ந்தது எங்கே போய்ச் சேர வேண்டும் என்று ஏற்பாடு செய்யாவிட்டால் அது பக்கத்து இழைக்குப் போகும். பொட்டாக இருந்த சிவப்பு, தேய்த்த பிறகு உள்ளங்கை அகலத்துக்கு இளஞ்சிவப்பாகப் பரவுவது இதனால்தான். கறைபட்ட பக்கம் கீழே இருக்குமாறு வெள்ளைப் பனியன் வேஸ்ட் மடிப்பின்மேல் துணியைக் கவிழ்த்து, பின்பக்கத்திலிருந்து அசிட்டோனைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அடியிலிருக்கும் துணி சாயத்தைக் குடிக்கும். குடித்த இடத்தை விட்டு அடிக்கடி சுத்தமான இடத்துக்கு நகர்த்த வேண்டும். தேய்க்கவே கூடாது, ஒற்ற வேண்டும். அதுவும் வெளி விளிம்பிலிருந்து நடுவை நோக்கி. அடித்துணியில் நிறம் வருவது நின்ற பிறகுதான் சோப்பு. மினுமினுப்புத் துகள் கலந்த நகப்பூச்சு என்றால் படலம் கரைந்தாலும் துகள் கரையாது; அது உலர்ந்த பின் தூரிகையால் தட்டி எடுக்க வேண்டியது. குப்பியில் கேட்டு வாங்கும்போது மணமும் எண்ணெயும் சேர்த்த ரிமூவரைத் தவிர்ப்பது நல்லது. நகத்துக்கு இதம் தரும் அந்த எண்ணெய் துணியில் வளையம் போடும்.

துணி எந்த இழை என்பது அடுத்த கேள்வி. பருத்தியும் ஆட்டு மயிரும் பட்டும் அசிட்டோனைத் தாங்கும். அவற்றின் சாயம் தாங்குமா என்பதைத் தையல் மடிப்பின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஊட்டியில் சுற்றுலாப் பயணிகள் வாங்கும் மலிவான ஸ்வெட்டர்கள் பெரும்பாலும் அக்ரிலிக். அக்ரிலிக் இழை அசிட்டோனில் கரையாது. அக்ரிலிக் தகடு கரையும், இழை கரையாது; பெயர் ஒன்றானாலும் பொருள் வேறு. தோடர்களின் பூத்துக்குளி, 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தச் சிவப்பு-கறுப்புத் தையல், முரட்டு வெள்ளைப் பருத்தியில் அமைவது. இதில் கறை பட்டால் பயப்பட வேண்டியது துணிக்காக அல்ல, சிவப்பு நூலின் சாயத்துக்காக. வெள்ளையில் சிவப்பு இறங்கிவிட்டால் நகப்பூச்சுக் கறையே தேவலை என்றாகிவிடும். அங்கே கரைப்பானைச் சொட்டாமல், குச்சியில் சுற்றிய பஞ்சால் கறையை மட்டும் தொட்டுத் தொட்டு எடுப்பதே வழி.

அசிட்டோனிடம் உயிரையே விடும் துணி ஒன்று உண்டு. கோட்டு உட்துணியாகவும் பளபளப்பான தாவணி வகையாகவும் வரும் செல்லுலோஸ் அசிடேட். ஒரு சொட்டு விழுந்த இடத்தில் கறை இருக்காது, துணியும் இருக்காது. அதன் மூத்த உறவான ட்ரைஅசிடேட் அசிட்டோனில் ஊதிக் கெடுமே தவிரச் சட்டென்று கரையாது. அதைக் கரைக்க மெத்திலீன் குளோரைடு வேண்டும். இந்தக் குடும்பத்தையும் நீலகிரி நன்றாக அறியும். 1960-இல் தொடங்கி 1967-இல் உற்பத்திக்கு வந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை, ஊட்டி இந்து நகரில் இருந்துகொண்டு நாட்டுக்கே கறுப்பு-வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் செய்தது. உலகத்தின் பழைய சினிமாச் சுருள்கள் நைட்ரோசெல்லுலோஸில் இருந்தவை, பற்றினால் அணைக்க முடியாதவை. 1950-களின் தொடக்கத்தில் அவற்றைக் கைவிட்டு உலகம் அசிடேட் சுருளுக்கு மாறியது. அந்த ஊட்டி ஆலை இன்று இயங்கவில்லை, இந்து ஃபிலிமில் எடுத்த நெகட்டிவ்கள் மட்டும் பல வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன. கைரேகையைத் துடைக்கிறேன் என்று அவற்றின்மேல் ரிமூவரைத் தொடுவது படத்துக்கு முடிவுரை எழுதுவது. மூக்குக்கண்ணாடிச் சட்டம், செல்போன் முதுகு, சுவிட்ச் போர்டு, டி.வி. விளிம்பு இவையும் அசிட்டோன் படக்கூடாத பட்டியலில் வருபவை. பக்கெட்டும் தண்ணீர்க் குடமும் தப்பித்துக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீனையும் பாலித்தீனையும் அது ஒன்றும் செய்யாது.

ஜெல் நகப்பூச்சு இப்போது மலையின் கல்யாணங்களுக்கும் வந்துவிட்டது. புற ஊதா விளக்கில் காட்டினால் இறுகும் அக்ரிலேட் பிசின் அது. இறுகிய பின் துணியிலிருந்து அதைக் கரைத்தெடுக்க முடியாது. அசிட்டோனில் ஊறவைத்தால் ஊதிச் செதிலாகும். நகத்தில் நடப்பதும் இதுதான். ஆகவே சிந்திய கணமே முக்கியம். இங்கேதான் ஊட்டியின் உயரம் வேலை செய்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் சுமார் பத்து விழுக்காடு கூடும்; ஊட்டி இருப்பது 2,240 மீட்டரில். ‘கொஞ்சம் வெயில்ல காயப்போட்டுப் பார்ப்போம்’ என்று கறைபட்ட சேலையை வெளியே விரித்தால், கறையை நீங்களே சூளையில் வைத்துச் சுட்டதாக அர்த்தம். இருட்டான அறையில் வைத்து, சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் ஒற்றி எடுத்த பிறகுதான் வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

வார்னிஷ் துணியில் பட்டால் காலக்கணக்கு இதைவிடத் தாராளம். எண்ணெய் வார்னிஷ் முழுதாக இறுக நாள்கள் ஆகும். அதற்குள் டர்பன்டைனோ தைலமோ கைகொடுக்கும். கடையில் டர்பன்டைன் என்று கிடைப்பது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வந்தது, பைன் மரத்திலிருந்து அல்ல. இந்த வேலைக்கு இரண்டும் ஒன்றுதான். கையில் பட்ட வார்னிஷுக்குத் தின்னரை ஊற்றிக் கழுவும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. தோலின் எண்ணெய்ப்பசை முழுக்கப் போய்ப் பனிக்காலத்தில் விரல் வெடித்து ரத்தம் வரும். நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தேய்த்துச் சோப்புப் போட்டால் உலராத வார்னிஷ் கழன்று வந்துவிடும். எலுமிச்சை, வினிகர், சமையல் சோடா, உப்பு ஆகியவை நகப்பூச்சுக்கும் வார்னிஷுக்கும் எதுவும் செய்யாது. இந்தக் கறைகள் இரண்டும் நீரில் கரைபவை அல்ல. பற்பசை சிலநேரம் பலிப்பது அதிலுள்ள நுண்துகள் சுரண்டுவதால். மேஜையின் பளபளப்பையும் சேர்த்துத்தான் சுரண்டும்.

மலையின் குளிரும் ஈரமும் இந்த வேலையில் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. பத்து டிகிரியில் அசிட்டோனின் ஆவியழுத்தம் முப்பது டிகிரியில் இருப்பதில் பாதிகூட இல்லை. அதாவது சென்னையில் பஞ்சை வைப்பதற்குள் பறந்துவிடுவது, ஊட்டியில் நின்று நிதானமாக ஊறும். துணிக்கு இது வசதி. மரத்துக்குத் தொல்லை, ஏனென்றால் பூச்சுக்குள் ஆழமாக இறங்க அதற்கு நேரம் கிடைக்கிறது. ஈரம் இன்னும் மோசம். ஸ்பிரிட்டோ தின்னரோ ஆவியாகும்போது அந்த இடத்தைச் சட்டென்று குளிரவைக்கும். குன்னூரின் மூடுபனிக் காற்றில் உள்ள ஈரம் அங்கே படிந்து, இளகிய அரக்குக்குள்ளும் லாக்கருக்குள்ளும் சிக்கிக்கொள்ளும். காய்ந்த பின் வெள்ளை வெள்ளையாகப் பூத்துத் தெரிவது கறையின் மிச்சம் அல்ல, அந்த ஈரம். அதனால்தான் அனுபவப்பட்ட ஆசாரிகள் மழை மாதங்களில் பாலீஷ் வேலை எடுப்பதில்லை, எடுத்தாலும் பதினோரு மணி வெயிலுக்கு முன் தொடங்குவதில்லை. பூத்துவிட்டால் பதற வேண்டாம். நல்ல வெயில் நாளில், ஸ்பிரிட் நனைத்துக் கிட்டத்தட்ட உலர்ந்த துணியை அதன்மேல் படாமல் படும்படி ஓட்டினால் மேற்பரப்பு மறுபடி இளகி, ஈரம் வெளியேறித் தெளியும். 1863-இல் மியூனிக்கில் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் என்ற மருத்துவ வேதியியலாளர், மங்கிப்போன எண்ணெய் ஓவியங்களை ஆல்கஹால் ஆவி நிறைந்த பெட்டிக்குள் வைத்துத் தெளியவைத்ததும் இதே தத்துவத்தில்தான். அந்த முறையிலும் அளவு தப்பினால் ஓவியமே இளகும் என்பதைப் பிற்கால அருங்காட்சியகத்தார் நஷ்டப்பட்டுக் கற்றார்கள்.

வார்னிஷ் கறை என்றால் நம் நாட்டில் மிகப் பெரியது அஜந்தாவில் இருக்கிறது. 1920-22 காலத்தில் ஹைதராபாத் நிஜாம் அரசு இத்தாலியிலிருந்து செக்கோனி, ஓர்ஸினி என்ற இருவரை வரவழைத்துக் குகை ஓவியங்களைச் சீர்செய்யச் சொன்னது. உரிந்துகொண்டிருந்த வண்ணத்தை ஒட்டவைத்ததோடு, நிறம் எடுப்பாகத் தெரிய அரக்கு வார்னிஷும் பூசினார்கள். ஆண்டுகள் போகப் போக அது மஞ்சளித்து, தூசியைப் பிடித்து, ஓவியத்தையே மறைத்தது. இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவு பல்லாண்டுகளாக அதைக் கரைப்பான் தொட்ட பஞ்சால் அங்குலம் அங்குலமாக எடுத்துவந்தது. அவர்களுடைய முறையில் நம் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளத் தக்கது ஒன்றே: வலுக்குறைந்த கரைப்பானில் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் வலுவைக் கூட்டுவது. வீட்டில் நாம் செய்வது தலைகீழ். தின்னரில் தொடங்கி, விபரீதம் ஆனபின் தேங்காய் எண்ணெய்க்கு வருவோம்.

ஆபத்துகளை எழுதாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. அசிட்டோனின் ஆவி மைனஸ் இருபது டிகிரியிலேயே தீப்பற்றக்கூடியது. எத்தில் அசிடேட்டுக்கு மைனஸ் நான்கு. ஜனவரி உறைபனி இரவிலும் ஊட்டியில் இவை தீப்பிடிக்கத் தயாராகவே இருக்கின்றன. இவற்றின் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளம் தேடும். தரைமட்டத்தில் எரியும் கணப்பும் கரிச்சட்டியும்தான் குளிர்கால ஊட்டி வீட்டின் பள்ளம். மேஜைமேல் துடைத்த ரிமூவரின் ஆவி எதிர்ச்சுவரின் கணப்பை எட்டி, வந்த வழியே தீயைக் கொண்டுவர முடியும். சன்னலைத் திறந்து, நெருப்பை அணைத்துவிட்டுச் செய்வது மட்டுமே இதற்கு வழி. குளிர்கிறது என்றால் வெயில் வரும்வரை கறை காத்திருக்கட்டும். பெட்ரோலைப் பற்றி ஒரே சொல்: வேண்டாம். மெத்திலீன் குளோரைடு கலந்த பெயின்ட் ரிமூவர் எரியாது, ஆனால் மூச்சில் போனது உடம்புக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறும். கரிப்புகை ஏற்கெனவே நிறைந்த அடைத்த அறையில் அது இரட்டை நஞ்சு. அமெரிக்காவில் பொதுமக்களுக்கு அதை பெயின்ட் நீக்கியாக விற்பதை 2019-இலேயே தடைசெய்தார்கள்.

ஆசாரிகள் ஸ்பிரிட் கிடைக்கவில்லை என்று புலம்புவதற்குப் பின்னால் ஒரு துயரக் கதை இருக்கிறது. டீநேச்சர்டு ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால், ஃபிரெஞ்ச் பாலீஷ் வார்னிஷ் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டுப்படுத்தும் விதிகள் தமிழ்நாட்டில் 1959 முதல் உண்டு. வார்னிஷுக்கு மதுவிலக்கில் என்ன வேலை என்றால், மது கிடைக்காதவர்கள் அதைக் குடித்தார்கள். மெத்தனால் கண்ணையும் உயிரையும் எப்படி எடுக்கும் என்பதை 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொடுத்து மறுபடி பார்த்தோம். வீட்டில் மரத்துக்கு வாங்கிய ஸ்பிரிட்டை, மண்ணெண்ணெயை, தைலத்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிவைப்பதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை. மண்ணெண்ணெயைக் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. வெளிவரும்போது அது நுரையீரலுக்குள் போவதுதான் கொல்லும். நேரே மருத்துவமனைக்குத் தூக்க வேண்டும். தைலம் மூலிகைதானே என்ற அலட்சியமும் கூடாது. ஒரு டீஸ்பூன் தைலம் சிறுகுழந்தைக்கு வலிப்பை வரவழைக்கப் போதும்.

எஸ்டேட் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. உலர்ந்த தேயிலை அண்டையிலிருக்கும் எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும். தரம்பிரிக்கும் அறைக்கருகே வார்னிஷ் அடிப்பதோ மண்ணெண்ணெயில் எந்திரம் துடைப்பதோ கூடாது என்பது தொழிற்சாலைகளில் எழுதாத சட்டம். ஞாயிற்றுக்கிழமை வீட்டு மேஜையைத் துடைத்த தைலக் கையோடு திங்கட்கிழமை தேயிலைப் பெட்டியைத் திறக்கும் மேற்பார்வையாளருக்குச் சுவைப்பவரிடம் நல்ல பெயர் கிடைக்காது.

வேலை முடிந்த பின் கறை துடைத்த துணியில்தான் இருக்கிறது, கரைப்பானோடு. அதைச் சாக்கடையில் பிழிந்தால் கோடப்பமந்து கால்வாய் வழியே ஊட்டி ஏரிக்குத்தான் போகும். அசிட்டோன், ஸ்பிரிட் பட்ட துணியை வெளியே கம்பியில் விரித்து உலர்த்திக் குப்பையில் போடலாம். ஆளிவிதை எண்ணெய் வார்னிஷ் துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் எறியக்கூடாது. எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது வெப்பம் வெளிவரும், சுருட்டிய மடிப்புக்குள் அது வெளியேற வழியில்லாமல் சேர்ந்து, தீக்குச்சி இல்லாமலே துணி பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போடுங்கள், மழை என்றால் மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீருக்குள் முக்கிவையுங்கள்.